பாறை இடுக்கில் பாதிப் பாம்பு

என் அண்ணியை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். பொதுவாகவே எதற்கும் சுர்ரென்றுதான் வரும். பத்து வருடமாக டிரைவிங் ஸ்கூலில் "கிளட்சை விடாதீங்க, கிளட்சை விடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவளிடம் பொறுமை எங்கே மிஞ்சும்? வீட்டில் எனக்கு ஹாரன் என்றுதான் பெயர். ஆனால் அண்ணி விஷயத்தில் என் கோபம் நியாயமானது. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்குப் பின்னால், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய பொந்தில், லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். மயிரிழை பிசகினாலும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். அந்தக் கண்ணுக்கு இன்னொரு பித்தும் உண்டு. பாம்பு. மலைப்பாதையில் நானும் அண்ணனும் மலையைப் பார்த்தால், அவர் சருகைப் பார்ப்பார், கிளையைப் பார்ப்பார். "ஹாரன், அப்படியே நில்லு. உன் தோள் பக்கத்துல பச்சைப்பாம்பு. அடடா, என்னமா இருக்கு பாரேன்!" என்பார். நான் அப்படியே நிற்பேன், பார்ப்பதற்காக அல்ல, கால் வராததால்.

மூன்று வருடம் கூடவே அலைந்ததில் பயம் போய்த் தலைக்கனம் வந்தது. நானும் பாம்புகளுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்தேன். ஓநாய்ப்பாம்பையும் கட்டுவிரியனையும் பிரித்துச் சொல்வதில் எனக்குத் தனிப் பெருமை. இரண்டுக்கும் கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டை. ஒன்றுக்கு விஷமே கிடையாது, இன்னொன்று ஆளையே முடித்துவிடும். ஓநாய்ப்பாம்புக்குக் கழுத்துப் பக்கம் பட்டை பளிச்சென்று இருக்கும், வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. மூவரும் வழக்கமான பாறைக்குப் போயிருந்தோம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்ட் குழியில் தொங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாறையில் தொங்குகிற ஜென்மம். கயிற்றை மாட்டுவதற்கு முன்னாலேயே, இரண்டடி ஏறி, தலைக்கு மேல் இருந்த இடுக்கில் கையைவிட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இறங்கினான்.

"ஏதோ கடிச்சிடுச்சு. எறும்பு மாதிரி இருந்துது, வலியெல்லாம் இல்ல" என்றான்.

நான் எட்ட நின்று செல்போனை நீட்டிப் படம் எடுத்தேன். பாம்புதான். ஒரு வளைவு மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு முனையும் இடுக்குக்குள்ளே. கருநீலம் மினுமினுக்கும் உடம்பு, குறுக்கே நூல் பிடித்தாற்போல வெள்ளைக்கோடுகள். இடப்பக்கம் பளிச்சென்றும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தன. இவ்வளவு கூத்து நடந்தும் அது அசையவே இல்லை.

"ஓநாய்ப்பாம்பு!" என்று கத்தினேன். "கழுத்துல பாரு, பட்டை எவ்வளவு தெளிவா இருக்கு. விஷம் கிடையாது. கையைக் கழுவிட்டு ஏறு."

இடப்பக்கம்தான் கழுத்து என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. பட்டை பளிச்சென்று இருந்ததால் அது கழுத்து என்றேன். அது கழுத்து என்பதால் பாம்பு ஓநாய்ப்பாம்பு என்றேன். என் அறிவை எதால் அடிப்பது!

அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தார். "தலை எங்க?"

"உள்ள இருக்கு. அதான் பட்டையே சொல்லுதே அண்ணி!"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து துணிப்பட்டையை எடுத்தார். "என்னங்க, உட்காருங்க. கையை ஆட்டக் கூடாது." மோதிரத்தைக் கழற்றினார். ஒரு குச்சியை வைத்துக் கையை மடங்காமல் கட்டினார். பிறகு என்னிடம், "கயிறைச் சுத்து. இவரு நடக்கக் கூடாது, தூக்கிட்டுப் போகணும்" என்றார்.

மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான் இது. கயிற்றை வட்டமாகச் சுற்றி, சுருளை இரண்டாகப் பிரித்தால், அடிபட்டவனைப் புத்தகப்பை போல முதுகில் மாட்டிக்கொள்ளலாம். அண்ணன் எழுபத்திரண்டு கிலோ. கார் நிற்கும் இடத்துக்கு முக்கால் மணி நேர இறக்கம்.

முதலில் அண்ணி சுமந்தார். நூறு அடிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டோம். அண்ணனுக்கு ஒரே குஷி. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பொண்டாட்டி என்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுறா" என்றான். எதிரே ஏறி வந்த நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பார்சல் எங்கங்க போகுது?" என்று அதில் ஒருவன் கேட்டான். எனக்கு மானம் போனது. என் தோளைக் கயிறு அறுத்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. எல்லாம் விஷமில்லாத ஒரு பாம்புக்காக!

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஒரு பேரைச் சொல்லக்கூட தைரியம் இல்லைன்னா, உங்க பாம்புப் படிப்பெல்லாம் எதுக்கு அண்ணி?"

அப்போது அண்ணன் அவர் முதுகில் இருந்தான். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "முன்னால போ. வழுக்குற கல்லு இருந்தா சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

வந்திருந்தது டிரைவிங் ஸ்கூல் கார். கூரையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை, பக்கத்து ஸீட்டின் காலடியிலும் ஒரு பிரேக். அண்ணி பின்னால் அண்ணனோடு உட்கார்ந்தார். பாதி வழியில் அண்ணனின் பேச்சு நின்றது.

"தூக்கமா வருது" என்றான். சற்றுப் பொறுத்து, "ரோடு ரெண்டாத் தெரியுது" என்றான்.

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு இமையும் பாதி இறங்கியிருந்தன. அதன்பிறகு நான் ஓட்டியதை என் மாணவர்கள் யாரும் பார்க்காதது என் நல்லகாலம். பலகையைப் பார்த்து மற்ற வண்டிகள் தாமாகவே ஒதுங்கின. பின்னாலிருந்து அண்ணியின் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. "என்னைப் பாருங்க. மூச்சை நல்லா இழுங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன பாம்பு?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர். பாதி உடம்புதான் பார்த்தோம்" என்றார் அண்ணி.

"பரவாயில்ல, இவர் கண்ணே சொல்லுது" என்றபடி டாக்டரம்மா உள்ளே ஓடினார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் தானாக மூச்சு விட முடியாமல் போய், தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் சேர்த்தார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினோம். நடுமுதுகில் வரிசையாக, மற்றவற்றைவிடப் பெரிய அறுகோணச் செதில்கள். ஓநாய்ப்பாம்புக்கு அவை கிடையாது. அண்ணி அவற்றின்மேல் விரலை ஓட்டினார். போனைத் தலைகீழாகத் திருப்பினேன். நான் கழுத்து என்று கூவியது வால் பக்கம். கட்டுவிரியன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

"அது மேல தப்பில்ல. படுத்திருந்ததைப் போய் அழுத்திட்டாரு" என்றார் அண்ணி. தன் புருஷன் உள்ளே மெஷினில் கிடக்கும்போதும் பாம்பைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். அண்ணன் கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "என்ன பாம்பு?"

நான்தான் சொன்னேன். "கட்டுவிரியன். என் பேச்சைக் கேட்டு நீ மேல ஏறியிருந்தா, இன்னைக்கு இருந்திருக்க மாட்டண்ணா. என்னை மன்னிச்சிடு."

அவன் என் தலையில் மெதுவாகக் குட்டினான். "போகட்டும் விடு. உன்னைவிட உங்க அண்ணிக்குப் பாம்பு நல்லாத் தெரியும்னு இப்பவாவது ஒத்துக்கோ."

"எனக்கும் தெரியல" என்றார் அண்ணி. "நானும் ஓநாய்ப்பாம்புன்னுதான் நினைச்சேன்."

நான் ஆடிப்போனேன். "அப்படி நினைச்சுக்கிட்டேவா அவ்வளவு தூரம் சுமந்தீங்க? எல்லாரும் சிரிச்சாங்க, நான் அந்தப் பேச்சுப் பேசினேன்..."

அண்ணி பஞ்சை நனைத்து அண்ணனின் காய்ந்த உதட்டை ஒற்றினார்.

"நூத்துக்குத் தொண்ணூறு அதுதான்னு தோணுச்சு" என்றார். "மீதிப் பத்துல இவரை வைக்க எனக்கு மனசு வரல."