நூறு குழியும் நூறு ஷேரும்

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது, ஊருக்கே தெரியும். ஆனா அன்னிக்கு மதகடிப்பட்டு கூட்ரோட்டுல, என் செராக்ஸ் கடையில ஒக்காந்து போனப் பாத்தப்ப, திட்டறதுக்கு முந்தி மூணு தடவ மூடித் தெறந்து பாத்தேன். எங்கண்ணன் புகழ்வேந்தன் அப்பாவோட ஷேர்ல நூறு என் கணக்குக்கு அனுப்பியிருந்தான். மதிப்பு நாப்பதாயிரம்னு காட்டுச்சு. வரவேண்டியது நாலு லட்சம்.

மொதல்லேர்ந்து சொல்றேன். எங்கப்பா அரங்கநாதன் ஒரு மருந்துக் கம்பெனியில முப்பது வருசம் ஃபிட்டரா இருந்தாரு. கம்பெனி குடுத்ததும் அவரா வாங்கினதுமா முந்நூறு ஷேர் வெச்சிருந்தாரு. பாகூர்ல வூடும், நூறு குழி, அதாவது ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, கரும்புக் கொல்லையும் இருந்துச்சு. தை மாசம் அவரு போயிட்டாரு. பங்குனியில பாகம் பிரிச்சோம். வூடு அம்மாவுக்கு. நெலம் நூறு குழியும் ஷேர் இருநூறும் அண்ணனுக்கு. எனக்கு ஷேர் நூறு. அப்பாவோட சிநேகிதரு, திருக்கனூர்ல நெல்லு வியாபாரம் பண்ற கௌஸ் பாஷா பாய், சாட்சிக் கையெழுத்து போட்டாரு.

அப்ப ஒரு ஷேர் நாலாயிரம் வித்துச்சு. நெலம் வேணாம், இது போதும்னு நான் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. கடை ஓனர் நாலு லட்சம் கட்டி போக்கியத்துக்கு எடுத்துக்க, இல்லன்னா ஆடி முடியறதுக்குள்ள காலி பண்ணுன்னுட்டாரு. பதினோரு வருசமா எனக்குச் சோறு போடற கடை அது. அத விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல.

ஷேருக்கு நாமினி அண்ணன். அதனால எல்லாம் மொதல்ல அவன் கணக்குக்குப் போயி, அப்புறம் எனக்கு வரணும். அந்த நடுவுல கம்பெனிக்காரன் ஷேரப் பிரிச்சுட்டான். பத்து ரூபா முகமதிப்பு ஷேர் ஒண்ண, ஒரு ரூபா ஷேர் பத்தா ஆக்கிட்டான். முந்நூறு ஷேர் மூவாயிரம் ஆயிடுச்சு. நாலாயிரம் வித்தது நானூறுக்கு வந்துடுச்சு. மொத்தத்துல ஒரு பைசா ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னாண்ணா, நூறுதான் வந்திருக்கு?"

"பத்திரத்துல நூறுன்னுதான இருக்கு? படிச்சுப் பாத்துத்தான கையெழுத்து போட்ட?"

"அது பிரிக்கறதுக்கு முந்தி. இப்ப அது ஆயிரம்."

"மத்ததெல்லாம் என் கணக்குல வந்து வுழுந்தது குமாரி. என் கொட்டாய்ல மாடு கன்னு போட்டா கன்னு என்னுதுதான?"

"எங்க கன்னு போட்டுச்சு? கரும்ப பத்து துண்டா நறுக்கியிருக்கான், அவ்ளோதான். எனக்கு முழுக் கரும்பு எழுதிக் குடுத்துட்டு, ஒரு துண்ட நீட்டுறியே, வெக்கமா இல்ல? இதுவே பத்து ஷேர ஒண்ணா சேத்திருந்தா மொத்தமே முப்பதுதான். அப்ப எனக்கு நூறு எங்கேர்ந்து குடுப்ப? கடன் வாங்கிக் குடுப்பியா?"

"அப்படி நடக்கலல்ல? வெய்யி போன."

அம்மா தையலம்மாள் சாயந்தரம் கூப்பிட்டாங்க. "விட்டுக்குடுடி. நாள கிழமைன்னா வந்து நிக்க பொறந்த வூடு வேணாமா?" எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எத்தினி விட்டுக்குடுக்கறது? நெலத்த விட்டேன், வூட்ட விட்டேன். இத விட்டா நான் நடுரோட்டுலதான் நிக்கணும். விடமாட்டேன்னு அம்மா கிட்டயே சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு அண்ணனே கடைக்கு வந்தான். கரும்புக் கடனுக்கு மனு போடணும், பட்டா செராக்ஸ் வேணுமாம். சண்டையில இருந்தாலும் தங்கச்சி கடையில செராக்ஸ் ஓசி. மூஞ்சப் பாக்காமலே பட்டாவ நீட்டினான், நானும் பாக்காமலே வாங்கினேன். மெஷின்ல வெக்கறப்பத்தான் பட்டாவுல பரப்பளவு கண்ணுல பட்டுச்சு. ஐம்பத்து மூணு ஆர், ஐம்பது சென்டியார், அதாவது ஐம்பத்து மூணரை ஆர். எங்க புதுச்சேரி பட்டாவுல பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன அந்தக் கணக்குதான். பத்திரத்துல மட்டும் நாங்க பேசற மாதிரி குழின்னு எழுதியிருந்தோம்.

அவனுக்கு ரெண்டு காப்பி குடுத்தேன். மூணாவது ஒண்ணு எடுத்து எனக்கு வெச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கௌஸ் பாயக் கூட்டிக்கிட்டு, வில்லியனூர்ல பஸ் மாறி, பாகூர் போனேன். "கத்தாம பேசும்மா"ன்னு பஸ்ல ரெண்டு தடவ சொன்னாரு பாய். கத்த மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்தேன். அண்ணன் கூடத்துல நாற்காலியில இருந்தான். அம்மா மொறத்துல உளுந்து பொடச்சுக்கிட்டு இருந்தாங்க. பத்திரத்தையும் பட்டா காப்பியையும் அவன் முன்னால வெச்சேன்.

"அண்ணா, பத்திரத்துல உனக்கு நெலம் நூறுன்னு இருக்கு. பட்டாவுல அம்பத்தி மூணரைதான் இருக்கு. மீதி எங்க போச்சு? நான் தூக்கிட்டுப் போயிட்டேனா?"

அண்ணன் சிரிச்சுட்டான். "லூசாடி நீ? அது குழி, இது ஆர். எழுதற அளவு மாறினா எண்ணு மாறும். அதுக்காக நெலம் மாறிடுமா? வரப்பு இருந்த எடத்துலதான இருக்குது?"

"பாய், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேம்மா."

அண்ணன் சிரிப்பு பாதியில நின்னுச்சு.

"பாகம் பிரிச்சப்ப எனக்கு வந்தது அப்பா ஷேர்ல மூணுல ஒரு பாகம். பழைய அளவுல நூறு, புது அளவுல ஆயிரம். நீ எண்ண மட்டும் பழசுலேர்ந்து எடுத்து, ஷேர புதுசுல குடுத்திருக்க. சரி, நெலத்துக்கும் அப்படியே பண்ணிடலாம். பட்டாவுல அம்பத்தி மூணரைன்னு இருக்குல்ல? அம்பத்தி மூணரை குழிய நீ வெச்சுக்க. மிச்சம் நாப்பத்தாறரைக் குழிய எனக்கு விடு. நாளைக்கே கயிறு கொண்டாரேன், அளந்து வரப்பு போட்டுடலாம்."

நான் கத்தவே இல்ல. அண்ணன் பாயப் பாத்தான். பாய் பத்திரத்துல இருந்த தன்னோட கையெழுத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"பாகம் பாகம்தான் தம்பி. நான் சாட்சி போட்டது பாகத்துக்கு, எண்ணுக்கு இல்ல"ன்னாரு.

மொறத்த கீழ வெச்சுட்டு அம்மா எழுந்து வந்தாங்க. அலமாரி மேல சார்ஜ்ல இருந்த அண்ணன் போனப் புடுங்கி அவன் மடியில போட்டாங்க.

"அனுப்புடா. அவளத்தான் விட்டுக்குடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். உன் கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல. தப்பு என் பேர்ல."

அதக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தினி நாள் வராத அழுகை.

அண்ணன் ரொம்ப நேரம் போனத் தடவிக்கிட்டு இருந்தான். தொள்ளாயிரம்னு அடிச்சான். ஓடிபி வந்துச்சு. கண்ணாடி எங்கயோ வெச்சுட்டான் போல, எழுத்து தெரியாம கண்ண இடுக்கினான். அப்புறம் என்னப் பாக்காமலே போன என் பக்கம் நீட்டினான். ஆறு எண்ணையும் நானே படிச்சுச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கடையில இருக்கறப்ப ஷேர் வந்துடுச்சு. எத்தினின்னு எண்ணப் பாக்கல, கீழ இருந்த மதிப்பத்தான் பாத்தேன். நாலு லட்சத்து மூவாயிரம். ஓனருக்குப் போன் போட்டு, "போக்கியப் பத்திரம் எழுதக் கொண்டாங்க, நான் எங்கயும் போகல"ன்னேன்.