வயர் எல்லாம் வயர்தானே

"என்ன கேம் ஆடுவீங்க தம்பி?" என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் அவளுடைய அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

கம்ப்யூட்டர் அவளுடையது. கிராபிக்ஸ் கார்டு அவளுடையது. பேச்சைத் தொடங்கியவளும் அவள்தான். ஆனால் கடைக்காரரின் கண் அவள் தலைக்கு மேலாகத் தாண்டி, வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பின்னால் நின்ற அண்ணனிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

"கேம் இல்லைங்க, வேலை" என்றாள். "கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே உள்ள நடந்து பாக்கற மாதிரி வீடியோ பண்றேன். புது கார்டு போட்டதுலேருந்து, வேலை சூடு பிடிச்சதும் மெஷின் படக்குனு அணைஞ்சுடுது. பழைய பவர் சப்ளை குடுக்கற கரண்ட் பத்தலை. எழுநூத்தம்பது வாட்ல நல்லதா ஒண்ணு காட்டுங்க."

இன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ போய்ச் சேர்ந்தால் கட்டட நிறுவனத்தில் வேலை. சேராவிட்டால் வேறு யாருக்கோ வேலை. கல்லூரி முடித்து வீட்டில் உட்கார்ந்திருப்பவளிடம் அம்மா முதற்கொண்டு எல்லோரும் கேட்கும் கேள்விக்கு அவள் கையில் இருந்த ஒரே பதில் அதுதான்.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணனிடம் பதில் சொன்னார். "எழுநூத்தம்பது எதுக்கு தம்பி? எண்ணூத்தம்பதே தர்றேன். லைட் வேற எரியும்."

பெட்டியை மேஜையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு, நீலம், பச்சை. அண்ணனின் முகமும் அப்படியே மாறி மாறி எரிந்தது.

அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். தீர்ந்துபோன பவுடர் டப்பா கனம்தான் இருந்தது. திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"வெளில எண்ணூத்தம்பதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கார்டுக்குப் போறது இந்தப் பன்னெண்டு வோல்ட் லைன்ல வர்றதுதான். அது நானூத்தி எண்பது வாட்தான்னு பக்கத்துல பொடியா போட்டிருக்கு. மீதி எங்கங்க?"

கடைக்காரர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா படிச்சிருக்காங்க போல."

"ஆமாங்க. எங்க வீட்லயே முதல் டிகிரி" என்றான் அண்ணன். "நாங்கதான் அனுபவிக்கிறோம்."

"அந்த மேல் தட்டுல, மூலையில கறுப்பா இருக்கே, அதை எடுங்க" என்றாள் அவள்.

"அதை யாரும் வாங்கறதில்ல தம்பி. லைட்டே கிடையாது."

"வீட்ல ட்யூப்லைட் இருக்குங்க. எடுங்க."

தூசியோடு இறங்கியது அது. செங்கல் மாதிரி கனம். பொடி எழுத்திலும் கொட்டை எழுத்திலும் ஒரே எண். அதை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழி நெடுக, லைட் எரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணன் முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினான்.

வீட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பழையதைக் கழற்றினாள். வயர்களை இரண்டு முனையிலும் உருவி எடுக்கலாம். அதனால் முதலிலேயே அண்ணனிடம் சொன்னாள்: "பழைய வயரைப் புதுசுல செருகக் கூடாது. முனை பொருந்தற மாதிரிதான் இருக்கும். உள்ள வரிசை வேற. செருகினா பொசுங்கிடும்." அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினான்.

புதியதை வைத்து, அதனுடைய வயர்களையே ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒரே ஒரு வயர் பாக்கி இருந்தது, அண்ணனின் பழைய பெரிய டிஸ்குக்குப் போகும் தட்டை வயர். எப்போதோ அண்ணன் அதைக் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகுப் பக்கமாகச் சுற்றி, கிளிப் கிளிப்பாகப் போட்டுக் கட்டியிருந்தான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திறந்து காட்டிய கட்டு அது. அதை அவிழ்க்கக் கை வைத்தபோது அவள் போன் அடித்தது. கட்டட நிறுவனத்து மேடம். டிவி இரைச்சலுக்குப் பயந்து பால்கனிக்கு ஓடினாள்.

"இன்னைக்கே கிடைச்சுடுமா?"

"கண்டிப்பா வந்துடும் மேடம்."

திரும்பி வந்தபோது அவளுடைய நாற்காலியில் அண்ணன் சாய்ந்திருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தட்டை வயர் பை பிரிக்காமலே தரையில் கிடந்தது. கருகிய வாடை.

"ஒரு வயரை மாட்ட இவ்ளோ நேரமா? நானே முடிச்சுட்டேன்."

அவள் சுவர் பிளக்கைப் பிடுங்கினாள். "பழசைச் செருகினியா?"

"வயர் எல்லாம் வயர்தானே. கரெக்டா உக்காந்துச்சு. அவ்ளோ அழகா கட்டினதை எதுக்கு அவுக்கணும்?"

அவளுடைய வேலை முழுவதும் மதர்போர்டிலேயே செருகிய சின்ன டிஸ்கில் இருந்தது. அதற்கும் அந்த வயருக்கும் சம்பந்தமில்லை. அது அவளுக்குத் தெரியும்; இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கிளிப்புகளை வெட்டி, பழைய வயரை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். மெஷினைப் போட்டாள். அவள் கட்டிய கட்டடம் திரையில் அப்படியே நின்றது. பெரிய டிஸ்கிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

"என்ன கருகுது?" என்று அண்ணி ஈரக் கையோடு வந்தாள்.

"அண்ணனோட பழைய டிஸ்க், அண்ணி."

"நம்ம கல்யாண வீடியோ அதுலதானே இருக்கு?"

அண்ணன் குனிந்து, வெட்டிப்போட்ட கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

அம்மா சோபாவிலிருந்தே தீர்ப்பு சொன்னாள். "அவன் உதவிதானே பண்ண வந்தான். நீ சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"சொன்னேம்மா."

"சத்தமா சொல்லணும்."

"சத்தமா சொன்னா வாயாடிங்கறீங்க."

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

அவள் வீடியோவை ஓட விட்டாள். கட்டடத்தின் கண்ணாடிக் கதவு வரும்போதுதான் எப்போதும் அணையும். கதவு வந்தது. விசிறி உறுமியது. கதவு திறந்தது. படம் உள்ளே போனது.

"பாத்தியா, நல்லதாதான் எடுத்திருக்கோம்" என்றான் அண்ணன்.

அந்த 'கோம்' காதில் விழுந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாயங்காலம் வரை மூடாது.

"ஏய், டிஸ்க்ல இருக்கறதை எடுத்துடலாம் இல்ல?" அன்று முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"தெரியாது. வீடியோ போனதுக்கப்புறம் பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது."

நாற்காலியை இழுத்து, சுவர் பிளக்கை முதுகால் மறைத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

"நீ ஸ்க்ரீனைப் பாரு" என்றாள். "இவரை நான் பாத்துக்கறேன்."