ஐந்தாவது பவுல்

பயிற்றுநர் கொலின்ஸ் சேரை நிறுத்துவதா வைத்திருப்பதா என்று எங்கள் கழகத்தில் வாக்கெடுத்த அன்று, செயற்குழுவின் ஐந்து கைகளில் நான்கு எழுந்து முடிந்திருந்தன. இரண்டு கை நிறுத்து என்றது, இரண்டு கை வைத்திரு என்றது. மிச்சம் செயலாளரின் கை. செயலாளர் நான்தான், பேசாலை றெபேக்கா. பன்னிரண்டு வருடமாக அந்தக் கை எழும்பத் துடித்துக்கொண்டிருந்தது.

வடகரை விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி அந்த வருடம் தொடர்ந்து ஏழு மட்ச் தோற்றிருந்தது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து அணிகளே மன்னாருக்கு வரப் பயந்தன. இப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பழைய பிள்ளைகள் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், இன்னொருத்திக்கு முழங்கால் போய்விட்டது. ஆனால் தோல்வி என்று வந்தால் ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பயிற்றுநர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்.

"கோச்சை மாத்தினால் கூடை பெரிசாகுமோ?" என்று கேட்டார் பொருளாளர் மங்கையற்கரசி ரீச்சர். "இருக்கிற பிள்ளையளை வச்சு அந்த மனுசன் என்ன செய்யிறது?"

"ஏழு மட்ச், ரீச்சர். ஏழு!" என்றார் தலைவர் நஸார். "கடைக்கு வாறவன் சாமானைக் கேக்க முதல் ஸ்கோரைக் கேக்கிறான். எனக்கு முகம் குடுக்க ஏலாமக் கிடக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையைத் தூக்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எனக்கும் கொலின்ஸ் சேருக்கும் உள்ள பகை ஊரறிந்தது. நான் நிறுத்தினால், 'பழைய கோபத்தைத் தீர்த்துக்கொண்டாள்' என்பார்கள். 'பாவம் மனுசன்' என்பார்கள். அந்தப் 'பாவம்' என்ற ஒரு சொல்கூட அவருக்குக் கிடைக்கக் கூடாது என்பதில் நான் கண்ணாயிருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வவுனியாவோட மட்ச் இருக்கு," என்றேன். "வெண்டால் அவர் இருக்கட்டும். தோத்தால் போகட்டும். நாங்கள் ஏன் முடிவெடுப்பான்? புள்ளி முடிவெடுக்கட்டும்."

நஸார் மேசையில் தட்டி, "இதுதான் நியாயம்," என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது.

பகையின் கதை இதுதான். எனக்கு அப்போது பதினேழு வயது. மாகாண இறுதிப் போட்டி. தேசிய அணிக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து இரண்டு பெண்கள் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். கூடைப்பந்தில் ஒருத்தி ஐந்து முறை விதி மீறிப் பவுல் செய்தால் வெளியே போய் வாங்குப் பலகையில் குந்த வேண்டும். கரையில் மேசை போட்டு இருப்பவர், ஒவ்வொரு பவுலையும் புள்ளித்தாளில் அவளுடைய எண்ணுக்கு நேரே எழுதுவார். நான் செய்தது நான்கு. மேசையில் இருந்தவர் வேறொருத்தியின் பவுலையும் எனக்கு எழுதிவிட்டு, ஐந்து விரலைக் காட்டினார். எனக்குப் பதிலாக இறங்கியவள், அப்போதும் எங்கள் பயிற்றுநராயிருந்த கொலின்ஸ் சேரின் தங்கை மகள்.

"சேர், நாலுதான் சேர்! நீங்களும் கொப்பியில குறிக்கிறனீங்கள்தானே, சொல்லுங்கோ சேர்!" என்று அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் தன் சின்னக் கொப்பியைத் திறந்து பார்த்தார். அதில் நான்கு கோடு இருந்ததை நானும் பார்த்தேன். கொப்பியை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எழுதினது எழுதினதுதான் பிள்ளை. போய் வாங்கில இரு."

தங்கை மகள் தேசிய அணிக்குப் போனாள். பிறகு ஒரு வங்கியின் அணிக்கு விளையாடி அங்கேயே வேலையும் எடுத்தாள். நான் ஒரு மீன்பிடிச் சங்கக் கந்தோரில் ஐஸ் வாங்குபவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவேயில்லை. ஒவ்வொரு தவக்காலமும் பாவங்களைச் சொல்ல, குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய், பொறாமை, அம்மாவோடு போட்ட சண்டை, எல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்வார்கள்.

அந்த வருடமே நான் மேசை வேலை பழகினேன். எனக்குப் பிழையாக எழுதிய அதே மனிதரிடம் போய், "எனக்கும் பழக்கித் தாறீங்களோ?" என்று கேட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டேன். என்றைக்காவது ஒரு நாள் கொலின்ஸ் சேர் என் பேனைக்குக் கீழே வருவார் என்று தெரியும். அது வரைக்கும் சுத்தமாக எழுதினேன். றெபேக்காவின் தாளில் பிழை வராது என்று மாவட்டம் முழுக்கச் சொல்லும்படி எழுதினேன்.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு மட்ச். கடல் காற்று தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு முனைக்குக் கல் வைத்து, மறு முனையை முழங்கையால் அமத்திக்கொண்டேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து இருந்தார். எருக்கலம்பிட்டி ஹுசைன், கருவாட்டு வியாபாரி. எங்கள் ஆறாம் எண் றிம்ஷாவின் வாப்பா. அந்த அணியில் பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மகள் விளையாடுவதை அவர் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக, கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

"தங்கச்சி, இதில கணக்கு என்ன மாதிரி?" என்று கேட்டார்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கூடைக்கு எத்தனை புள்ளி, பவுல் என்றால் என்ன, ஐந்து வந்தால் வெளியே. "அப்ப அஞ்சுக்குள்ள நிண்டால் சரி," என்று சொல்லிவிட்டு, வலது கை விரல்களை விரித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

றிம்ஷா அன்று விளையாடிய விளையாட்டு! கறுப்பு முழுக்கைச் சட்டைக்கு மேல் சிவப்பு ஜேர்சி, தலையை இறுக்கிக் கட்டிய துணி. வவுனியாக்காரிகள் மூன்று பேர் மறித்தும் அவளை நிறுத்த முடியவில்லை. நான்கு பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதியில் கூடைக்குக் கீழே எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள், விசில் ஊதியது, நடுவர் விரல்களால் ஒன்பது என்று காட்டினார். எங்கள் அணியின் ஒன்பதாம் எண் ஜெஸ்லியா. அந்த நேரம் பார்த்துக் காற்று தாளைப் பிடுங்கியது. பிடித்து இழுத்து அவசரத்தில் எழுதினேன்.

இடைவேளையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு தாளைச் சரிபார்த்தபோது கண்டேன். ஒன்பதுக்கு எழுத வேண்டியதை ஆறுக்கு எழுதியிருந்தேன். றிம்ஷா செய்தது இரண்டு, தாளில் மூன்று. பன்னிரண்டு வருடத்தில் என் முதல் பிழை. சத்தியமாகச் சொல்கிறேன், அது வேண்டுமென்று செய்தது அல்ல.

நடுவர் பத்தடி தள்ளி நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் போதும். ஒரு வெட்டு, அவருடைய ஒரு கையெழுத்து, அலுவல் முடிந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். எதிரே கொலின்ஸ் சேர் பிள்ளைகளின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஏழு மட்சுக்குப் பிறகு சிரிக்கிறார். நாங்கள் எட்டுப் புள்ளி முன்னுக்கு நின்றோம். இப்படியே போனால் வெல்வோம். வென்றால் அவர் இருப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்று செய்தது அதுதான்.

கடைசிப் பகுதி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, றிம்ஷா ஒருத்தியின் கையில் தட்டினாள். விசில். அவளுடைய நான்காவது பவுல். தாளில் ஐந்தாவது. நான் மணியை அடித்து ஐந்து விரலையும் தூக்கிக் காட்டினேன்.

றிம்ஷா மேசைக்கு ஓடி வந்தாள். "அக்கா, நாலுதானே? வடிவாப் பாருங்கோ அக்கா!"

அவளுக்குப் பின்னால் கொலின்ஸ் சேர் ஓடி வந்தார். அறுபதை எட்டும் மனுசன், மூச்சிரைக்க வந்து அதே மாதிரி ஒரு சின்னக் கொப்பியை என் முன்னால் விரித்தார். "றெபேக்கா, நாலு! பார், நாலு கோடு! ரெண்டாம் பகுதியில நீ எழுதினது இவளின்ர இல்லை, ஜெஸ்லியான்ர! திருத்து பிள்ளை, கெதியாத் திருத்து!"

அன்று எனக்காக ஒரு சொல் சொல்லாத வாய் இன்று எப்படித் திறக்கிறது என்று பார்த்தேன். அவர் சரியாகச் சொன்னதுதான் என்னை இன்னும் எரித்தது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டியது எது, எந்த நேரத்தில், எந்தச் சத்தத்தில் என்று எல்லாம் தெரிந்த மனுசன்தான் அன்று கொப்பியை மூடியிருக்கிறார்.

அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "எழுதினது எழுதினதுதான் சேர். பிள்ளையைப் போய் வாங்கில இருக்கச் சொல்லுங்கோ."

அவருடைய முகத்தில் இரத்தம் வற்றியது. கொப்பியை எடுக்கவும் மறந்து நின்றார்.

நடுவர் வந்து, "நிச்சயமோ, மிஸ்?" என்று கேட்டார்.

"என்ர தாளில எப்பவாவது பிழை வந்திருக்கோ?" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் எனக்குத் தேனாய் இனித்தது. றிம்ஷா வாங்கில் போய் இருந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். அதன் பிறகு எங்கள் பக்கம் ஒரு பந்து கூடைக்குள் விழவில்லை. மூன்று புள்ளியால் தோற்றோம். கையெழுத்து வாங்க எழும்பும்போது பார்த்தேன், ஹுசைனின் கதிரை வெறுமையாக இருந்தது.

விலக்கும் கடிதத்தை நானே எழுதினேன். ஐந்து வரிதான், ஆசை தீர மூன்று முறை எழுதினேன். திங்கட்கிழமை நானே கொண்டுபோய் அவருடைய வாசலில் நின்று கொடுத்தேன். அவர் வாசித்தார், மடித்தார்.

"உப்பைத் திண்டவன் தண்ணி குடிக்க வேணும். அது சரி," என்றார். "என்னோட உனக்கிருந்த கோபத்துக்கு என்னை வெட்டினாய். அந்தப் பிள்ளையை ஏன் வெட்டினாய்?"

"பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் இந்தக் கேள்வியை நீங்கள் உங்களிட்டக் கேட்டனீங்களோ சேர்?"

"கேட்டனான்," என்றார். "ஒவ்வொரு மட்சுக்கும் கேட்டனான். அதாலதான் நேற்று ஓடி வந்தனான்."

அதைக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. வாசல் படலையை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

புதிய பயிற்றுநர் வந்தார். இளம் ஆள், விசிலே இரண்டு வைத்திருந்தார். அவரோடும் இரண்டு மட்ச் தோற்றோம். கூடை பெரிசாகவில்லை என்று மங்கையற்கரசி ரீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். றிம்ஷா பயிற்சிக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்றார் நஸார்.

மூன்றாவது மட்ச் அன்று அவள் வந்தாள். ஜேர்சி இல்லை, கறுப்பு அபாயா. நேரே என் மேசைக்கு வந்தாள்.

"என்ன பிள்ளை, விளையாட இல்லையோ?" என்றேன்.

"வாப்பா வேணாம் எண்டிட்டார், அக்கா." அவளுடைய குரலில் அழுகை இல்லை. "நான் விளையாடுறதுக்கு அவர் ஒண்டும் சொல்ல இல்லை. நல்லா விளையாடினாய் மகள் எண்டார். ஆனா அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவராம். நாலு அஞ்சாகிற இடத்தில உனக்கென்ன மகள் வேலை எண்டு கேட்டார்."

காற்று தாளைத் தூக்கியது. நான் அமத்திப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால், தாளில் பிழை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் இந்தக் கதிரையில் இருக்க முடியாது. இந்தக் கதிரையைத் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது?

"அக்கா," என்றாள் றிம்ஷா. "எனக்கு இந்த மேசை வேலையைப் பழக்கித் தாறீங்களோ?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, குறை இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பதினேழு வயதில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கிழமை முழுக்கப் பழகித்தான் நானும் அந்த முகத்தைக் கொண்டுபோனேன்.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

"இரு," என்றேன்.

அவள் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். மேசையில் கிடந்த என் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, முனையைப் பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.