பீரங்கிக்காரர் பார்த்த வீடு

பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அவரை எல்லோரும் பீரங்கிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வேட்டுச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. மிச்சமிருக்கும் காதையாவது நிம்மதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "ரிட்டயர் ஆனா, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாக்கூடக் கேக்காத இடத்துலதான் இருப்பேன்" என்று முகாமிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் தன் வீட்டு மாடிக்கு வரச் சொன்னாள். "தினம் காலையில மாப்பிள்ளைக்கு சல்யூட் அடிக்கணுமா?" என்று சிரித்தே தட்டிக்கழித்தார். மனைவியைக் கேட்டார். "உங்களுக்கு எது பிடிக்குதோ, அது" என்றாள். ஒவ்வொரு முறை மாற்றல் வந்தபோதும் அவள் சொன்ன பதில்தான்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு வீடு வாடகைக்கு இருந்தது. பீரங்கிக்காரர் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், மொட்டைமாடி ஏறி நாலு பக்கமும் நோட்டம் விட்டார். "சார், குடியிருக்கத்தானே வந்திருக்கீங்க, காவல் காக்க இல்லையே?" என்றார் தரகர். அந்த வாரமே குடிபோனார்கள்.

அவருக்குச் சொர்க்கம்தான். காலையில் டீ டம்ளரோடு வாசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன ஒரு அமைதி, பாத்தியா!" என்பார். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். பட்டாளத்தின் பச்சைத் தகரப் பெட்டிகளில் இரண்டை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் காதைக் காட்ட ராணுவ மருத்துவமனைக்குப் போனார். சாயங்காலம்தான் திரும்புவேன் என்று சொல்லியிருந்தார். டாக்டர் சீக்கிரமே விட்டுவிட்டதால் மதியமே ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். தூண் ஓரத்து பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி! பக்கத்தில் ஒரு பெண் கண்டக்டர். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை காலமாயிற்று!

டீக்கடைக்காரரிடம் மெதுவாக விசாரித்தார்.

"அந்த அக்காவா? வீட்டுக்காரர் ஏரிப்பக்கம் வாக்கிங் போற நேரமாப் பாத்து தினமும் வந்துடுவாங்க. இன்னிக்கு மதியமே வந்துட்டாங்க. எந்த பஸ்லயும் ஏற மாட்டாங்க."

கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டு போனதும் பீரங்கிக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் திடுக்கிட்டு ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. எழுந்து மறுபக்கம் போய், நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. எங்க போகப் போற?"

"எங்கயும் போகலைங்க. சும்மா நாலு மனுசங்களைப் பாக்க வந்தேன்."

"அங்க அவ்வளவு அமைதியா..."

"அதுதாங்க எனக்கு ஆகல." அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "நீங்க எல்லையில இருப்பீங்க. பாப்பா தூங்கினதும் குவார்ட்டர்ஸ் கப்சிப்னு ஆயிடும். போன் அடிச்சா பயம், அடிக்கலேன்னா அதைவிட பயம். எனக்கு அமைதின்னா அந்த நேரம்தான் ஞாபகம் வரும். ஏரிக்கரையில நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாலும், எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கு."



"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் நீங்க தூக்கத்துல கத்தாம தூங்குறீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பீரங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

"எந்திரி. வீடு பாக்கலாம்."

"உங்க தூக்கம்?"

"நல்ல காதைத் தலையணையில புதைச்சுக்கிட்டா ஊரே அடங்கிடும். இந்தத் தடவை நீ பாரு. நான் பின்னால வர்றேன்."

அவள் பார்த்தாள். மூன்று வீடுகளை வேண்டாம் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். நாலாவது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடி வீடு. முன் அறையில் தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல்; பின்னால் தோட்டத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை. முன்னறை அவளுக்கு, பின்னறை அவருக்கு என்று அங்கேயே ஒப்பந்தம் ஆனது. முதல் வாரம் இரண்டு தடவை கத்திக்கொண்டு எழுந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போகப்போக அது குறைந்தது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பஸ் ஒன்று வாசலிலேயே பழுதாகி நின்றுவிட்டது. நனைந்துகொண்டிருந்தவர்களை அவள் ஜன்னலில் இருந்தே கைதட்டி மேலே கூப்பிட்டுவிட்டாள். டிரைவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று முன்னறை நிறைந்துவிட்டது.

"இது வீடா, சத்திரமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பீரங்கிக்காரர் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினார். பிறகு கதவருகே நின்று, அணிவகுப்புக் குரலில், "சர்க்கரை வேணாங்குறவங்க கையைத் தூக்குங்க!" என்றார்.

குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். பால் போதாதென்று கண்டு, அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.