வராத மழைக்கு ஓலை

டாலர் நாற்பத்தாறு ரூபாயைத் தொட்ட அன்று கூனிமேடு உபைத் பாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஏற்றுமதி செய்கிறவர் ஊருக்கே இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டிய செய்திதான். ஆனால் அவருடைய நண்டு கம்பெனிக்கு வந்த டாலரெல்லாம் நாற்பத்து நாலரைக்கே போய்விட்டது.

எல்லாம் கூட்டாளி ரோஸ்லின் செய்த வேலை. 2006 மார்ச்சில், சரக்கு கப்பலேறும் முன்பே, அவர் வங்கியில் ‘ஃபார்வர்டு’ போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலருக்கு இப்போதே விலை பேசி முடிப்பது அது. பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அதே விலைதான். உபைத்தும் அதில் கையெழுத்துப் போட்டவர். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போது இரண்டு மடங்கு பெரிய ஆர்டர் வந்திருந்தது. புது ஃபார்வர்டுக்கான காகிதத்தோடு ரோஸ்லின், மரக்காணத்தில் இருந்த உபைத்தின் உப்பளத்துக்கே வந்துவிட்டார்.

“இன்னொரு தடவ ஏமாற மாட்டேங்க. டாலர் ஏறிக்கிட்டே போவுது.”

“அப்போ ஆர்டர் வேணாம்னு சொல்லிடறேன் பாய். எக்கியார்குப்பம் போட்டுக்காரங்களுக்கு நண்டு வெலைய இப்பவே சொல்லியாவணும். டாலர் எவ்ளோக்கு வரும்னு தெரியாம எத வச்சு சொல்றது? ரெண்டு வருஷம் முன்னாடி மாட்னது மறந்துட்டீங்களா?”

மறக்கக்கூடியதா அது? ஃபார்வர்டு போடாமல் விட்டு, டாலர் சரிந்ததில் வண்டியை விற்றார்கள். நண்டு உடைக்கும் பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு உபைத் ஒரு மாதம் கம்பெனிப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் ஒன்றரை ரூபாய் வயிற்றெரிச்சல் லேசில் ஆறுமா?

உபைத் வேலையாள் மாயவன் பக்கம் திரும்பினார். உப்புக் குவியலுக்கு ஓலை போடச் சொல்லியிருந்தார். அவனோ ஓலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“வானம் பளிச்சுனு இருக்குது மொதலாளி. போன குவியலுக்கும் போட்டோம், லாரில ஏத்துற வரைக்கும் ஒரு தூத்தல் இல்ல. ஓலைக் காசு தண்டம்.”

உபைத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏம்பா, மழை வரும்னு தெரிஞ்சா ஓலை போடறாங்க? வந்துட்டா உப்பு போயிடக் கூடாதுன்னு போடறாங்க. வரலன்னா நிம்மதியா தூங்குனோமில்ல, அதுக்குத்தான் அந்தக் காசு. ஓலையில எவனாவது லாபம் பாப்பானா?”

ரோஸ்லின் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

உபைத் பேனாவைப் பார்த்தார், ஓலைக்கட்டைப் பார்த்தார். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தை மாயவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“ஆனா டாலர் ஏறுச்சுன்னா உங்களத் திட்டாம இருக்க மாட்டேன்.”

“தாராளமா திட்டுங்க பாய். உக்காந்து திட்டறதுக்குக் கம்பெனின்னு ஒண்ணு இருக்குமில்ல, அது போதும்.”