முழங்காலுக்குக் கீழே

"அக்கா, நீங்க எப்படிப் படுப்பீங்க?" என்று அமுதவல்லி கேட்டாள். பதில் தெரிந்த கேள்வி என்றுதான் வாயைத் திறந்தேன். அது எனக்கே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது.

சேர்வராயன் மலைமேல் கொட்டச்சேட்டில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே துணித் தூளிகளைக் கட்டி, மேலே மழைக்கு ஒரு தார்ப்பாய் இழுத்து, பெண்கள் மட்டும் வந்து தங்கும் முகாம் ஒன்றை நடத்துகிறாள். வருகிறவர்கள் தூளியை ஹேமக் என்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக ராத்திரி தங்க ஒரு பெண் வேண்டும் என்றபோது நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதே மலையில் ஒண்டிக்கடை முக்கில் எங்கள் மசாலாக் கடை, அதன் பின்னால் ஒற்றை அறை. கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையில்தான் தூங்குகிறேன். ஏன் இந்த வேலை என்று வீட்டில் கேட்டதற்குச் சம்பளம் என்றேன். வாரத்துக்கு ஒரு ராத்திரி நான் மட்டும் தூங்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையைச் சொல்லவில்லை. சொன்னால் அது ஏதோ புகார் மாதிரி இருந்திருக்கும்.

முதல் தடவை தோற்றுப்போனேன். தடித்த கம்பளியைத் தூளிக்குள் விரித்து அதன்மேல் படுத்தேன். போர்த்திய பக்கம் சூடாக இருந்தது, முதுகு மட்டும் விறைத்தது. உடம்பின் கனத்தில் நசுங்கிய கம்பளியில் சூடு நிற்காதாம். விடியும்வரை தாங்க முடியாமல் சமையல் கொட்டகையில் அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டேன். காலையில் அமுதவல்லி என்னைத் திட்டவில்லை. "வாழவந்தியில ராசாத்தின்னு ஒரு புள்ள இருக்குதுங்க்கா. அத வேணா கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள். இன்னும் ஒரு சனிக்கிழமை பார் என்று கெஞ்சினேன்.

அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து இரண்டு அடிப்போர்வைகளை வரவழைத்திருந்தாள். தூளிக்கு உள்ளே போடுவது இல்லை, வெளியே, அடியில் தொங்கவிடுவது. நம் கனம் அதன்மேல் விழாததால் பஞ்சு உப்பியபடியே இருக்கும். ஒன்று தோளிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. மற்றது தலையிலிருந்து பாதம் வரை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெள்ளிக்கிழமை கூரியரில் திருப்பிவிட வேண்டும்.

"சுருண்டு படுக்கறவங்களுக்குக் குட்டையே போதுங்க. வெயிட்டும் இல்ல, பனியில நனைஞ்சாலும் சீக்கிரம் காஞ்சிரும். நெட்டையில கால் இல்லாத எடம் தொங்கிப்போயி காத்துப் பூந்துருமாம். நீட்டிப் படுக்கறவங்க குட்டையில படுத்தா கால் வெறைச்சுரும். அதான் கேக்கறேன், நீங்க எப்படி?"

"தெரியலயே அமுதா."

"தூங்கறது நீங்கதானுங்களே" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பட்டை கிராம்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர் பிரபாகரிடம் கேட்டேன். "ஏனுங்க, நான் எப்படிப் படுக்கறேன்?"

அவர் நிமிரக்கூட இல்லை. "நீயா? மரவட்டையாட்டம். தொட்டாச் சுருண்டுக்குமே, அதே மாதிரி."

இவ்வளவு வருடம் அவர் என்னைக் கவனித்திருக்கிறார் என்பதில் சந்தோஷப்படுவதா, மரவட்டை என்றதற்கு வருத்தப்படுவதா என்று புரியவில்லை. தொட்டால் என்றாரே, அதுவேறு. ஓமலூரில் இருக்கும் அக்கா கௌரியைப் போனில் பிடித்தேன்.

"நீயா சுருண்டு படுப்ப? பாய் பூரா காலை நீட்டிக்கிட்டு எங்களையெல்லாம் செவுத்தோரம் தள்ளிருவியே. உன் ஒத ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்குது புள்ள."

இருவரும் பார்த்தவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடியபின் இருப்பவள் யார் என்று எனக்குத்தான் தெரியவில்லை. இதை யோசித்தபடி படுத்தால் தூக்கம் எங்கே வரும். முழங்கால்கள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. சரி, குட்டையே போதும் என்று முடிவு செய்தேன். பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியாததா.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கொட்டச்சேடு போனேன். மிளகுக் கொடி ஏறாத இரண்டு மரங்களாகப் பார்த்து அமுதவல்லி தூளியைக் கட்டி, குட்டைப் போர்வையை அடியில் மாட்டினாள். இடைவெளி விட்டால் காற்று புகும், இறுக்கினால் பஞ்சு நசுங்கும். கையை விட்டு விட்டுப் பார்த்துச் சரிசெய்தாள். மூடுபனி காபிச் செடிகளுக்குள் இறங்கி நின்றது.

ஏறுமுன் கேட்டேன், "சேர்வராயன் கோயில் எந்தப் பக்கம்?"

"எதுக்குங்க?"

"கால் அந்தப் பக்கம் போயிறக் கூடாதே."

அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு இந்த மலையே சாமிதானுங்க. அதுக்குன்னு காலைக் கழட்டி மரத்துல மாட்டிட்டா படுக்க முடியும்? ஏறுங்க."

ஏறினேன். வழக்கம்போல ஒருக்களித்து முழங்காலை மடக்கினேன். தூளி கொஞ்சம் ஆடி அடங்கியது. முதுகில் குளிர் இல்லை. எங்கோ காபிச் செடிக்கு அடியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

விழித்தபோது ஓடையில் இறங்கி நிற்பதுபோல் கெண்டைக்கால் சில்லிட்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காலும் குறுக்குவாட்டில் நேராக நீண்டு, போர்வையைத் தாண்டித் தூளியின் ஓரத்தில் கிடந்தன. நான் நீட்டவில்லை. நீட்டியவள் எழுந்துபோய்விட்டாள், குளிரை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு.

"என்னங்க்கா, எதுன்னு வச்சுக்கறது?" என்றாள் அமுதவல்லி.

"ரெண்டையும் குடு. போற வழியில யோசிச்சு ஒன்ன கூரியர்ல போட்டுடறேன்."

"நெட்டைய வச்சுக்கிட்டு அதுலயும் குளிர் பூந்துச்சுன்னா அடுத்து ஒண்ணு வாங்க முடியாதுங்க. பாத்துக்கங்க." சற்றுத் தயங்கி, "ராசாத்திகிட்ட இன்னும் வேண்டாம்னு சொல்லலைங்க" என்றாள்.

பஸ்ஸில் மடியில் இரண்டு பைகளும் இருந்தன. ஒரு வளைவில் குட்டை என்று தோன்றும், அடுத்த வளைவில் நெட்டை. பகலில் ஒரு மணி நேரம் நீட்டியதை நம்பலாமா? ராத்திரி பயத்தில் பழையபடி சுருண்டுகொண்டால், வெறுமையாகத் தொங்கும் அந்தக் கால்மாட்டு வழியே காற்று ஏறி வரும். மறுபடி அடுப்போரம்தான்.

வீட்டில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் அறையில் சாமி மாடம் வடக்குச் சுவரில் இருக்கிறது. சாமி தெற்கு பார்க்கக் கூடாது என்பார்கள், ஆனால் வாடகை வீட்டில் சாமியும் கிடைத்த பக்கம்தான் பார்த்தாக வேண்டும். வடக்கே தலை வைக்கக் கூடாது. அறை குறுகல், குறுக்கே கட்டில் போட முடியாது. ஆக, கால் மாடத்தின் பக்கம்தான். "சாமி பக்கம் காலை நீட்டாதே கண்ணு" என்று முதல் நாளே மாமியார் சொன்னார். மடக்கினேன். இதையெல்லாம் நான் மறக்கவில்லை, நினைக்கவும் இல்லை. கட்டிலில் அவருடைய இரண்டு பாதங்களும் நேராக முருகன் படத்தைப் பார்த்து நீண்டிருந்தன. தினமும் அப்படித்தான் நீண்டிருக்கும். அதையும் நான் பார்த்ததே இல்லை.

பையின் சரசரப்பில் கண் விழித்தார். "குட்டைதானே? நான்தான் சொன்னனே."

"தூளியில நீட்டிட்டனுங்க."

"நீயா?"

"நான்தானான்னுதான் தெரியல. ஏனுங்க, சாமி பக்கம் காலை நீட்டக் கூடாதுன்னு உங்களுக்கு அத்தை சொல்லலையா?"

யோசித்தார். "எனக்கு யாரும் சொல்லலயே." அடுத்த நொடி, கேட்டதன் அர்த்தம் எட்டியதும், இரண்டு காலையும் மெல்ல இழுத்து மடக்கிக்கொண்டார். தப்பு செய்த பையனைப்போல இருந்தது முகம். நீட்டுங்க என்று வாய் வரை வந்தது. எனக்கு அவர்மேல் கோபமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் அவர் அப்படியே கொஞ்ச நேரம் மடக்கியிருக்கட்டும் என்று தோன்றியது.

கூரியர் கடையில் குட்டைப் பையை நீட்டினேன். ஒட்டுத்தாள் ஒட்டும்வரை அதிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்கள் படுத்தபின் நெட்டைப் போர்வை மாட்டிய என் தூளிக்குள் ஏறினேன். கோயில் எந்தப் பக்கம் என்று இந்த முறை கேட்கவில்லை. கால் வழியே காற்று வருகிறதா என்று காத்திருந்தேன்.

"அக்கா, ஏனுங்க்கா." யாரோ தூளியை ஆட்டினார்கள். வெயில் முகத்தில் விழுந்தது. அமுதவல்லி குனிந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நான்கு பெண்களும் காபி டம்ளரோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"காவலுக்கு வந்தவங்க நல்லாத் தூங்குறீங்க. இவங்க வாக்கிங்கே போயிட்டு வந்துட்டாங்க. அடுத்த வாரம் அஞ்சு பேருங்க, கொஞ்சம் வெள்ளனமா எந்திரிச்சுப் பழகுங்க."

அடுத்த வாரம். அப்படியானால் ராசாத்தி இல்லை.

"அமுதா, நான் எப்படிப் படுத்திருந்தேன்? நீட்டியா, சுருண்டா?"

"எனக்கெப்படிங்க தெரியும்? தலையோட போத்திட்டில்ல கெடந்தீங்க."

இறங்கி, அடிப்போர்வையின் கால்மாட்டில் கையை வைத்துப் பார்த்தேன், சூடு இருக்கிறதா என்று. என் கை குளிர்ந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வெளிப்புறம் முழுக்கப் பனி கோத்திருந்தது. நெட்டை காய நேரமாகும் என்று அவள் அன்றே சொன்னாள். இரண்டு முனையையும் பிடித்து, முழு நீளத்துக்கும் விரித்துக் கொடியில் போட்டோம்.