காப்புக் கட்டிய ஊர்

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் போடிக்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிய கண்ணுச்சாமியை நாட்டாமை சீனிச்சாமி தெருமுனையிலேயே நிறுத்தினார்.

"மூட்டையோட எங்க மாப்ளே?"

"குரங்கணிக்கு மாமா. திருவிழா முடியவும் வர்றேன்."

"காலையில காப்புக் கட்டியாச்சு. சாமி கும்புடு முடியிற மட்டும் இங்கனதான் இருக்கணும்."

"அப்ப கோயிலுக்கு வரவா?"

"ஒம் பொஞ்சாதி போயி வருசம் திரும்பலையேப்பா. துக்க வீட்டுக்காரன் வரப்படாது. பி.ஏ. படிச்சவனுக்கு இதையுமா சொல்லணும்?"

"போகவும் கூடாது, வரவும் கூடாது. என்னதான் செய்ய?"

"கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கு."

போன ஆடியில் அவன் மனைவி பேச்சி முளைப்பாரி சுமந்தாள். இந்த வருடம் அந்தக் குலவைச் சத்தம் கேட்காத இடத்தில் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம்.

கடைசி நாள் குலவை தெருவுக்குள் நுழைந்ததும் பின்வாசல் வழியாகக் கொட்டகுடி ஆற்றுக்குப் போனான். கூட்டம் இறங்கும் துறைக்கு வெகு கீழே உட்கார்ந்து சட்டையைத் துவைத்தான். மேலே பெண்கள் முளைப்பாரியைக் கரைத்தார்கள். சற்று நேரத்தில் வெளிறிய முளைகள் கொத்துக்கொத்தாக மிதந்து வந்து சட்டையில் சுற்றின. உதறினான். மறுபடியும் வந்தன. கடைசியில் முளைகளோடு சேர்த்தே பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான்.